வெல்வெட்டில் சுற்றிய கேசட்

மல்லவி,
ஹத்தூர் மாதம், நோன்பு தொடங்கிய வாரம்

அன்பு மகள் யுஸ்தினாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். கொஞ்சம் புத்தியும் கூட இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். உன் நலத்தை நீயே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாய், அதை நான் என்னவென்று விசாரிப்பது?

உன் கடிதம் வந்தது. கவரின் மேல் உன் முகவரியை எழுதாமல் உள்ளே எழுதி, யாருக்கும் காட்டாதே அம்மா, அவருக்கு மட்டும் தெரியவே கூடாது என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கிறவளா நான்? அலெக்சாந்திரியாவில் விதாத் வீட்டில் இருக்கிறாயாம். அவள் காலையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டால் மதியம் வரை நீ தனியாம். யார் தட்டினாலும் திறப்பதில்லையாம். கல்யாணம் ஆகாத நர்ஸ் ஒருத்தியின் வீட்டில், கல்யாணம் ஆன பெண் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? அங்கே நோன்புக்கு ஏற்ற சாப்பாடாவது கிடைக்கிறதா? விதாத்துக்கு அவரைப் பருப்பை ஒழுங்காக வேகவைக்கக்கூடத் தெரியாது என்று அவள் அம்மாவே சொல்லுவாள்.

நம் கோயில் நூலகம் முன்னைப்போல இல்லை. நீ போன பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை திருப்பலி முடிந்ததும் பெண்கள் எல்லாரும் படியிறங்கி நேராக என்னிடம்தான் வருகிறார்கள், சின்னவள் பெரியவள் எல்லாருக்கும் நான் தாசோனி, கூடப்பிறந்த அக்கா. "தாசோனி, எம் பையன் படிக்கவே மாட்டேங்கிறான், என்ன புஸ்தகம் குடுப்பீங்க?" என்கிறாள் ஒருத்தி. "தாசோனி, மாமியாருக்கும் எனக்கும் ஒத்தே போகலை, நல்ல படம் ஏதாவது இருக்கா?" என்கிறாள் இன்னொருத்தி. யாருக்கு என்ன நோவு என்று பார்த்து அதற்கேற்ற புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறேன். இத்தனை வருடமாக அதைத்தானே செய்கிறேன். உனக்கும் கொடுத்தேனே. கல்யாணமான முதல் வருடம் வீங்கிய உதட்டோடு வந்து நின்றாய். இல்லறப் பொறுமையைப் பற்றிய அந்தத் தடித்த பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொடுத்தேன். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாய். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் எப்படியடி போகும்?

இப்போது கேசட் விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயில் புனிதையைப் பற்றி நம் பிள்ளைகளே எடுத்த படத்தின் கேசட்டை உனக்கு அனுப்ப வேண்டுமாம். கெய்ரோவில் திருச்சபையின் திருமண விசாரணைக் குழுவிடம் அதைப் போட்டுக் காட்டப் போகிறாயாம். அதைப் பார்த்தால் உன்னைத் தனியே வாழ விட்டுவிடுவார்களாம், உன் புருஷன் நஷாத் உன்னைத் தேடி வர முடியாதாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார்: "ஊருக்கே காட்டினேன் அம்மா, நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள்." படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் உனக்கு!

அன்று நடந்ததை நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். மறைசாட்சியாக நடிக்க உன்னைத் தேர்ந்தெடுத்தவள் நான். சாட்டையடிக் காட்சியில் நீ முழங்காலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தோள்வரை இழுத்துவிடும்படி உன்னிடம் யார் சொன்னார்கள்? கதையில் அப்படி எழுதியிருக்கவே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. ஆண்பிள்ளைகள் இத்தனை பேர் நிற்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். அதற்குள் தோள், முதுகின் மேற்பக்கம், எல்லா இடத்திலும் அந்தக் கோடுகள், நீலமும் மஞ்சளுமாக. ஒன்றில் பெல்ட் பக்கிள் பதிந்த மாதிரி ஒரு சதுரம்கூட.

கோயில் கூடத்தில் படம் போட்ட அன்று அழாதவர்கள் யார்? நான் எழுந்து, நம் முடிதிருத்தும் ரூமானிக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கள், எவ்வளவு அசல் மாதிரி காயம் வரைந்திருக்கிறான் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் வரையலை தாசோனி. சத்தியமா நான் அவங்க தோளைத் தொடவே இல்லை. நெத்தியில ஒரு ரத்தக் கோடுதான் போட்டேன்" என்றான். பிறகு மீன்காரி உம்மு ஸாகர்தான் முதலில் கத்தினாள்: "ஐயோ, அப்போ புனிதையே வந்து போட்டிருக்கா! தன் காயத்தை அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கா!" குலவைச் சத்தத்தில் கூரை இடிந்துவிடும் போலிருந்தது. பெண்கள் டிவிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டார்கள். நீயும் அங்கேதான் இருந்தாய். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாய், உம்மு ஸாகர் உன் கையைப் பிடித்து முத்தமிட்டதும் அழுதுவிட்டாய். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரே கேசட்டுக்காக இன்று சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வருகிறார்கள். இன்னொரு பிரதி எடுக்க நான் விடவில்லை. பிரதியில் அருள் இறங்குமா என்ன? வந்தவர்கள் அப்படியே ஜெபப் புத்தகமும் எடுத்துப் போகிறார்கள். படிக்காத ஊரே படிக்க ஆரம்பித்திருக்கிறது. இதையெல்லாம் எடுத்து அந்தக் குழுவின் மேசையில் போட்டு, இது புதுமையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, மின்சாரக் கடைக்காரன் நஷாத்தின் பெல்ட்டு என்று சொல்லச் சொல்கிறாய். நன்றாக இருக்கிறது.

நஷாத்தையும் நினைத்துப் பார். நம் நூலகத்துக்கு டிவியும் கேசட் பிளேயரும் கொடுத்தவன் அவன். திருப்பலியில் அவன் பாடும்போது கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். போன ஞாயிறு எல்லார் முன்னாலும் அழுதான். "அத்தை, அவ இல்லாம வீடு வீடாவே இல்லை" என்றான். ஆண்பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது.

கேசட்டுக்குப் பதிலாக இத்துடன் பச்சை அட்டைப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நீ விட்ட பக்கத்தில் அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன். கூடவே கழுத்து மூடிய, முழுக்கை வைத்த கம்பளிச் சட்டை ஒன்று. கடலோர ஊர், குளிர் பட்டுவிடும்.

ஆண்டவர் உன் மனதை இளக்கட்டும்.

அன்புடன்,
உன் அம்மா ஃபிரியால்

*

மல்லவி,
கியாஹ்க் மாதம், புனிதையின் திருநாள் முடிந்த மறுநாள்

அன்பு மகளுக்கு,

நம் புனிதையின் ஆசி உன்மேல் இருக்கட்டும். திருநாள் எப்படி நடந்தது என்று முழுதும் எழுதுகிறேன், நீ இல்லாத குறையும் அதில் சேர்த்தி.

முதலில் ஒரு கேள்வி. அம்மா முடியாது என்றால் நேரே சாமியாருக்குக் கடிதம் போடுவதா? நீ எழுதியதை வைத்துக்கொண்டு அபூனா செராபமூன் நூலகத்துக்கு வந்துவிட்டார். பாவம், குருப்பட்டம் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை, தாடியே இன்னும் ஒழுங்காக நிறையவில்லை. அலமாரி ஓரமாக நின்றுகொண்டு, "தாசோனி, அந்த கேசட்டை என்கிட்ட குடுங்க. திருநாள் முடிஞ்சதும் நானே கெய்ரோவுக்கு எடுத்துட்டுப் போறேன். குழுவில எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்றார். புதுமையாயிற்றே அபூனா என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "புதுமையா இருந்தா அங்கேயும் புதுமையாவே இருக்கும். இல்லைன்னா அந்தப் பொண்ணு உயிரோட இருக்கணும்" என்றார். நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளை, இவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நூலகம் நடத்துகிற எனக்குச் சொல்கிறார்! திருநாள் முடியட்டும், தருகிறேன் என்றேன். தருகிறேன் என்றுதான் சொன்னேன், அதில் பொய் இல்லை.

அன்று மதியம் நூலகத்தை மூடிக்கொண்டு படத்தைப் போட்டுப் பார்த்தேன். தனியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் கூட்டத்தோடு பார்ப்பேன், அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன், படத்தில் கண்ணே நிற்காது. இந்தத் தடவை பார்த்தேன். நீ சாட்டை பிடித்தவனைப் பார்க்கவில்லை, மறைசாட்சிகள் பார்ப்பதுபோல வானத்தையும் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் பார்க்கிறாய். பட்டையைக் கீழே இழுத்துக்கொண்டு, நான் நிற்கும் இடத்தையே பார்க்கிறாய். பாதியில் நிறுத்திவிட்டேன். உனக்கு நடிப்பு வராது என்று உன்னைத் தேர்ந்தெடுத்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சதுரமாக ஒன்று இருக்கிறது என்று முன்பு எழுதினேனே, அதையும் பார்த்தேன். ரோமச் சிப்பாய்களும் பக்கிள் வைத்த பெல்ட்டுதானே கட்டியிருப்பார்கள்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆண்டவர்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். நம் கோயிலில் புனிதர்களின் எலும்புகளை எங்கே வைக்கிறோம்? சிவப்பு வெல்வெட் உருளையில். அப்படியிருக்க, புனிதையின் காயமே இறங்கிய கேசட்டை மட்டும் ஏன் கண்டவன் கையில் கொடுத்து, கண்ட கண்ட பிளேயரில் ஓட்டித் தேயவிட வேண்டும்? தையற்காரி மல்காவைக் கூப்பிட்டு அளவு கொடுத்தேன். "தாசோனி, என்ன கை உங்களுக்கு, என்ன மூளை உங்களுக்கு!" என்றாள். தங்க நூலில் சிலுவை போட்டு, கேசட் நுழைகிற மாதிரி ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் திறந்திருந்தது, மக்கள் விரல் வைத்துத் தொடுவதற்கு.

திருநாள் அன்று மற்ற உருளைகளோடு அதையும் பவனியில் கொண்டுபோனோம். நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். கூட்டம் நெருக்கியடித்தது. "தாசோனி, இங்க வாங்க, எம் பிள்ளை தலையில வைங்க!" "தாசோனி, எம் முழங்காலுக்கு!" என்று நாலா பக்கமும் கத்தல். உன் பெயரையும் சொல்லி வேண்டிக்கொண்டார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. நஷாத் முன்னால் பாடிக்கொண்டு போனான்.

பவனி முடிந்து வாசனைத் திரவியம் பூசும் சடங்கு வந்தது. உனக்குத் தெரியும், எலும்பு உருளைகளுக்கெல்லாம் மசாலாத் தூளும் அத்தரும் தைலமும் குழைத்துப் பூசுவோமே, அதேதான். அபூனா கையில் கிண்ணத்தை வைத்திருந்தார். கேசட்டின் முறை வந்ததும் தயங்கி, "இது வேண்டாம் தாசோனி, இதை ஓரமா வைங்க" என்று காதோடு சொன்னார். நான் சத்தமாகவே, ஏன் அபூனா, இவள் மட்டும் குறைந்தவளா என்று கேட்டேன். கூட்டம் குலவை போட்டது. உம்மு ஸாகர் "பூசுங்க அபூனா, பூசுங்க!" என்று அழுதாள். அவர் என்ன செய்வார்? கிண்ணத்தை நான்தான் வாங்கிப் பூசினேன். தாராளமாகவே பூசினேன். திறந்த பக்கம் வழியாகத் தைலம் உள்ளே இறங்கியது. நாடா முழுக்க நனைந்திருக்கும். கோயில் முழுக்க என்ன வாசனை தெரியுமா, இன்னும் என் கையைவிட்டுப் போகவில்லை.

எல்லாரும் போன பிறகு அபூனா அதை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நூலக பிளேயரில் போட்டும் பார்த்தார். கரகரவென்று சத்தம் வந்து நாடா சிக்கி நின்றுவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "என்ன காரியம் பண்ணீங்க தாசோனி?" என்றார். சடங்கு அபூனா, என்றேன். சடங்கைத் தவிர நான் என்ன செய்தேன், நீயே சொல்.

இனி யாரும் அதைப் பார்க்க முடியாது, தொடத்தான் முடியும். அதுவே போதும் என்கிறார்கள் மக்கள். அபூனா என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருந்தால் எத்தனை நாள் இருப்பார், கோயிலில் புத்தகம் வேண்டுமென்றால் என்னிடம்தானே வர வேண்டும்.

பச்சைப் புத்தகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்? எழுது. பதிலே போடாமல் இருப்பது நல்ல பழக்கம் அல்ல.

அன்புடன்,
உன் அம்மா

*

மல்லவி,
கியாஹ்க் மாதக் கடைசி, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின வாரம்

என் கண்ணே யுஸ்தினா,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, கோபம் இருக்கும். நானும் உன் வயதில் கோபக்காரிதான். இந்தத் தடவை சந்தோஷச் செய்தி எழுதுகிறேன்.

நஷாத் மாறிவிட்டான். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். திருநாள் முடிந்ததும் என்னிடம் வந்து, "அத்தை, எனக்கும் ஒரு புஸ்தகம் குடுங்க, என்னைத் திருத்திக்கணும்" என்றான். பச்சைப் புத்தகத்தின் இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். முழுதும் படித்தான்! நீ பாதியில் விட்டதை அவன் முடித்தான். மனந்திரும்பிய கணவர்களைப் பற்றிய படங்களைப் பார்த்தான், கூடத்தில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வெட்கப்படாமல். நூலகத்தில் ஆண்டுதோறும் வைக்கிற கேள்விப் போட்டியில் ஒரு பதில்கூடத் தப்பவில்லை. இந்த வருடத்தின் சிறந்த வாசகர் அவன்தான். நானே மாலை போட்டேன். ஒருவன் ஆத்துமாவில் வளர்ந்திருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மல்காதான் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னாள். "தாசோனி, நேத்து அவன் கடைல வேலை பாக்குற பையனை அறைஞ்சானாமே, காதுல ரத்தம் வந்துச்சாமே" என்றாள். கடையென்றால் ஆயிரம் இருக்கும், அவளுக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

முந்தாநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். நோன்புக் கஞ்சி கொடுத்தேன், குடிக்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "ஊர்ல எல்லாரும் என்ன கேக்குறாங்க தெரியுமா அத்தை? புனிதையே தொட்ட பொண்ணு, புருஷனை விட்டுட்டு எங்க போனான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது? பண்டிகைக்கு முன்னாடி அவ என் பக்கத்துல நிக்கணும்" என்றான். நியாயம்தானே? கூடத்திலும் பெண்கள் அதையேதான் கேட்கிறார்கள். உன் படத்தைச் சட்டம் போட்டு நூலக வாசலில் மாட்டியிருக்கிறேன். படம் இங்கே இருக்க ஆள் எங்கே என்றால் நான் எத்தனை நாள் பேச்சை மாற்றுவது? நம் மானம் கப்பலேறுவதற்கு முன்னால் நீ வந்தாக வேண்டும்.

அபூனாவுக்கு விஷயம் எப்படியோ காதில் விழுந்து, என்னைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார். "குடுத்துடாதீங்க தாசோனி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், அந்த முகவரியைக் குடுத்துடாதீங்க" என்றார். ஒரு குருவானவர் தெருவில் இப்படியா பேசுவார்? அவருக்கு என்ன தெரியும், குருப்பட்டத்துக்காகவே கல்யாணம் செய்துகொண்டு, மனைவி குழந்தை என்று நேற்றுத்தான் குடித்தனம் தொடங்கியவர். பெற்றவளுக்குத் தெரியாதா மகளுக்கு எது நல்லதென்று.

கொடுத்துவிட்டேன், மகளே.

இன்று இரவு ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். காலையில் போகச் சொன்னேன், விதாத் வேலைக்குப் போன பிறகு. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூன்றாம் ஆள் எதற்கு? யார் தட்டினாலும் திறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதனால் தட்ட வேண்டாம், கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிடு, என் கையெழுத்தைப் பார்த்தால் எடுத்துப் படிப்பாள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை வெளியே பொறுமையாக நிற்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். புத்தகம் படித்த பலன் அதுதான், முன்பெல்லாம் அவனுக்கு நிற்கவே வராது.

ஆகவே சத்தம் போடாதே, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு நம்மைச் சந்தி சிரிக்க வைக்காதே. முகத்தைக் கழுவிக்கொள். சிரித்த முகத்தோடு திற. அவன் ஏதாவது சொன்னால் எதிர்த்துப் பேசாதே, எதிர்த்துப் பேசுகிற வாய் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாளை மாலை ரயிலில் இரண்டு பேரும் வந்துவிடுங்கள். உனக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் நிறையப் போட்டுப் பருப்பு சமைத்து வைக்கிறேன். பண்டிகைத் திருப்பலியில் நீ முன்வரிசையில் என் பக்கத்தில் நிற்பாய். வெல்வெட் உறையை உன் கையில் கொடுத்து எல்லாரும் வந்து தொடச் சொல்வேன்.

நம் புனிதை உன் தோளில் கை வைத்துக் காக்கட்டும். ஆண்டவர் உன்னை எனக்குப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். வரும்போது நான் அனுப்பிய அந்தக் கழுத்து மூடிய சட்டையைப் போட்டுக்கொண்டு வா, கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்.

கதவைத் திற, என் செல்லமே. அவன் நிற்கிறான்.

உன்னைப் பெற்ற அம்மா,
ஃபிரியால்